சவுண்டு விழலையாம்

நீங்க போன்ல பாக்குறது டாக்குமெண்டரிதான அண்ணாச்சி? தப்பா நெனைக்காதீங்க, பக்கத்து சீட்டு, கண்ணு தானாப் போயிருச்சு. ஆப்பிரிக்காவா அது? மூஞ்சியில வெள்ளச் சாயத்தப் பூசிக்கிட்டு ஆடுதாங்க. நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா அந்த நெட்டையன் ஆடிக்கிட்டே ஒரு தடவ ஓரக்கண்ணால இந்தப் பக்கம் பாத்தான், கவனிச்சீங்களா? அங்க எவனோ ஒருத்தன் நின்னுக்கிட்டு, இன்னொரு தடவ ஆடுன்னு கையக் காட்டியிருக்கான். நம்ம பக்கத்துல அந்த எவனோ ஒருத்தன் நாந்தான்.

கோஆர்டினேட்டர்ம்பாங்க. வெளிநாட்டுல இருந்து படம் எடுக்க வருவாங்க. அவங்களுக்கு லாட்ஜு பாக்கணும், காரு பாக்கணும், எந்த ஊர்ல யார மொதல்ல கும்பிடணும், எந்தக் கோயில்ல எந்த எடத்துல செருப்பக் கழட்டணும், எல்லாம் சொல்லிக் குடுக்கணும். அவங்க இங்கிலீசுல கேக்குறதத் தமிழ்ல கேக்கணும், இவங்க தமிழ்ல சொல்லுதத இங்கிலீசுல சொல்லணும். டெல்லியில ஒரு ஓட்டல்ல ஒம்பது வருசம் இருந்தேன், அந்த இங்கிலீசு. மொளப்பாரி, பூக்குழி, சேவக்கட்டு, நம்ம சுத்துப்பட்டுல எது படமாயிருந்தாலும் அதுல என் கை இருக்கும். சும்மா பெருமைக்குச் சொல்லல, நெசமாவே இருக்கு. இன்னைக்கு வந்த வெனையே அதுதான்.

இங்கிரிட் மேடம்னு ஒரு அம்மா வந்தாங்க. ரொம்பத் தங்கமான மனுசி. நாயக் கண்டாக்கூட முட்டி போட்டு ஒக்காந்துதான் பேசும். அவங்க எடுத்த படம் என்னன்னா, ஒலகத்துல மனுசங்க எழவக் கொண்டாடுற வகை. பன்னெண்டு நாடு. ஒரு ஊர்ல பொட்டியத் தோள்ல வச்சிக்கிட்டு ஆடுதானாம். இன்னொரு ஊர்ல செத்த ஆள வீட்டுலயே வச்சி சோறு போடுதானாம். நம்ம ஊருக்கு ஒப்பாரி கேக்கத்தான் வந்தாங்க. அதோட விட்டிருக்கலாம். நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்காம, மேடம், எங்க பக்கத்துல இதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, பதினாறாம் நாள் தாலி வாங்குறதுன்னு ஒண்ணு, புருசன் செத்தவளுக்குப் பூவும் வளையலும் போட்டு அலங்காரம் பண்ணி, பொறகு ஒவ்வொண்ணாப் பிடுங்குவாங்கன்னு சொல்லிட்டேன். அந்தம்மா பேனாவக் கீழ வச்சிட்டாங்க. அது வேணும்னு வாய விட்டுக் கேக்கல. ஆனா எனக்குத் தெரியும், வேணும்.

பொறகென்ன, எழவு விழணும்ல. கோவில்பட்டியில லாட்ஜுல கேமராவோட காத்துக் கெடக்கோம். நான் காலையில எந்திரிச்சி செவுத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாக்கப் போவேன். பேப்பர் படிக்கிற மாதிரிப் படிப்பேன். ஒரு கெழவர் போனாரு, அவரு பொண்டாட்டி அவருக்கு முன்னாடியே போயிட்டா, பிரயோசனமில்ல. இன்னொருத்தன் கல்யாணமாகாதவன். பதினோரு நாள் ஆச்சு. அப்பத்தான் கீழவேலங்குளத்துல பரமகுரு செத்தான். யூனியன் ஆபீசு ஜீப் டிரைவரு, முப்பத்திநாலு வயசு, மஞ்சக்காமால. எனக்குப் பழக்கமான பையந்தான். பாவந்தான், இல்லேங்கல. ஆனா போஸ்டரப் பாத்ததும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாத்துக்கிடுங்க, பொய் சொல்லப்படாது.

அவன் பொண்டாட்டி பேரு சண்முகக்கனி. ஆறு வயசுல ஒரு பொம்பளப்பிள்ள. மாமியாக்காரி இருக்கா. புருசனுக்குத் தம்பி ஒருத்தன், சுடலைமணின்னு. துண்டு தோள்ல கெடந்தா நாட்டாமன்னு நெனைப்பு. கேமராவப் பாத்ததும் அண்ணன் செத்த துக்கத்த ஓரமா வச்சிட்டுத் தலய சீவிட்டு வந்துட்டான். அவனப் பிடிச்சி வீட்டுக்குள்ள கேமராவ விட்டேன். ஆம்பளைக தாலி வாங்குற எடத்துல நிக்கப்படாது, அதனால கேமராப் பிடிக்கிற பொண்ணும் மேடமும் மட்டும் உள்ள. நான் சுவருக்கு வெளிய.

பதினாறாம் நாள் விடியக்காலம். சேலையக் கட்டி மறச்சிக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, சத்தந்தான். அம்மியில வளையல் ஒடையுது. ஒண்ணொண்ணா ஒடைக்காங்க. அவ என்னன்னமோ சொல்லி அழுவுதா, நேத்துப் போலத்தான இருக்கு, கடலமிட்டாய் வாங்கிட்டு வாரேன்னு போனீகன்னு. தாலியக் கழட்டிப் பால்ல போட்டு முடிஞ்சது. கேமராக்காரப் பொண்ணு அழுதுக்கிட்டே வெளிய வந்து, காதுல மாட்டுற மெசின மாட்டிப் போட்டுப் பாக்கு. மொகம் செத்துப் போச்சு. படம் விழுந்திருக்கு. சவுண்டு விழல. பேட்டரியோ வயரோ, என்ன எழவோ, ஒரு சத்தங்கூட விழல.

மேடம் என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுதேன். பரவாயில்ல, சத்தம் இல்லாமலே போட்டுக்கிடலாம்னாங்க. நாந்தான் விடல. சத்தமில்லாம ஒரு துக்கமா அண்ணாச்சி? நம்ம ஊர்ல துக்கம்னாலே சத்தந்தான. இன்னொரு தடவ எடுக்கலாம் மேடம்னேன். அவங்க என்னையவே பாத்தாங்க. அந்தப் பொண்ணு மனசாரச் சம்மதிச்சா மட்டுந்தான், நீங்க கேளுங்க, லேசாத் தயங்குனாக்கூட வேண்டாம், நாம கிளம்பிருவோம்னாங்க.

நான் உள்ள போனேன். கோடிச் சேலையக் கட்டிக்கிட்டு மூலையில ஒக்காந்திருக்கா. நெத்தி வெறிச்சுன்னு கெடக்கு. தாயி, சவுண்டு விழலையாம், இன்னொரு தடவ செய்யணுமாம்னேன். அவளுக்குப் புரியல. எதண்ணே இன்னொரு தடவன்னா. எல்லாத்தையுந்தான்னேன்.

"என்னால ஆகாதுண்ணே. அவுகளுக்குப் பண்ண வேண்டியதப் பண்ணியாச்சு. என்னைய விட்டுருங்க."

மேடம் வாசல்ல நின்னு, என்ன சொல்லுதாங்கன்னு கேக்காங்க. நான், ஷீ இஸ் ரெடி மேடம்னேன்.

இல்ல, நீங்க என்னைய அப்படிப் பாக்காதீங்க. எல்லாத்தையும் வார்த்தைக்கு வார்த்த மொழிபெயர்த்தா எந்தச் சோலியும் முடியாது. மேடம் சொன்னத அவகிட்ட பாதி சொன்னேன், அவ சொன்னத மேடத்துகிட்ட பாதி சொன்னேன். ரெண்டு பாதியும் சேந்தா ஒண்ணுதான? அதுக்கப்புறம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவளுக்குப் புருசன் ஆபீசுலயே கருணை அடிப்படையில ஒரு வேல வரவேண்டியிருக்கு. கூட்டிப் பெருக்குற வேலதான், ஆனாலும் கவுர்மெண்டு. அத நம்பித்தான் அவளும் பிள்ளையும். நான் சொன்னேன், தாயி, இந்தப் படத்த பெரிய பெரிய ஆளுக பாப்பாங்க, ஒன் கஷ்டத்தப் பாத்தா வேல வெரசா வரும், பிள்ள மொகத்தப் பாருன்னு. பிள்ளயப் பாத்தா. சரிண்ணேன்னுட்டா.

சாயங்காலம் நாலு மணி, வெளிச்சம் தேன் மாதிரி. இது படத்துக்குத்தானன்னு இந்தத் தடவ நானும் உள்ள நின்னேன். பெட்டிக்கடையில ரெண்டு டஜன் வளையல், மல்லிகைப்பூ, குங்குமம் எல்லாம் வாங்கியாச்சு. தாலிக்குத்தான் வழியில்ல. பால்ல போட்ட தங்கத்த மாமியாக்காரி பொட்டியில வச்சிப் பூட்டிட்டா. நான் ஒரு மஞ்சக்கயிறு வாங்கி, அதுல வெரளி மஞ்சளக் கோத்தேன். நம்ம பக்கத்துல இல்லாதப்பட்டவன் கல்யாணத்துல அதத்தான் தாலின்னு கட்டுவான், தெரியும். ஆனா கொழம்புக்குப் போடுற மஞ்சதான அதுன்னு எனக்கு அப்ப தோணிச்சு.

யாரு கட்டுறது? நாத்தனாக்காரி கைய எடுத்துட்டா. மொத முடிச்ச பொம்பள போடப்படாதுன்னா. மாமியா, இது வெளையாட்டுச் சாமான் இல்லப்பா, ஏறுனா ஏறுனதுதான்னா. சண்முகக்கனியே கட்டிக்கிடலாம்னு பாத்தா அவ கைக்குக் கயிறு பின்னால சேரவே மாட்டேங்கு. வெளிச்சம் எறங்குது. கேமரா ஓடிக்கிட்டிருக்கு. மேடம் இதுவும் சடங்குல ஒண்ணுபோலன்னு கைகட்டி நிக்காங்க. நான் கோவத்துல, குடுங்கன்னு கயித்த வாங்கி, அவ பின்னால போயி நானே கட்டிட்டேன்.

ஒரு முடிச்சு போட்டா நிக்கும். நான் மூணு போட்டேன் அண்ணாச்சி. வேணும்னு போடல. என் கல்யாணத்துல போட்ட கை, அதுபாட்டுக்குப் போட்டிருச்சு. இதுக்கு நடுவுல காது கேக்காத பெரியாத்தா ஒருத்தி அப்பத்தான் படியேறி வந்தா. தாலி ஏறுறது மட்டுந்தான் அவ கண்ணுக்குத் தெரிஞ்சது. நாக்கச் சொழட்டிக் கொலவ விட்டுட்டா.

அப்ப சண்முகக்கனி கத்துனா பாருங்க ஒரு கத்து. காலையில அழுததெல்லாம் ஒண்ணுமேயில்ல. கயித்தப் பிடிச்சி இழுக்கா, கழுத்து அறுபடுது, கயிறு வரல, மூணு முடிச்சுல்லா. சடங்குல சொல்லுற வரிசை எதுவுமில்ல, அவளே பூவப் பிச்சா, அவளே கைய அம்மியில மோதுனா, வளையல் சில்லு கையில ஏறிருச்சு. மேடம் கண்ண மூடிக்கிட்டு, போதும் போதும்னாங்க. கேமராக்காரப் பொண்ணு பெருவிரலத் தூக்கிக் காட்டுனா. சவுண்டு பிரமாதம்.

கிளம்பும்போது மேடம் ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேட்டாங்க. இதுல எதுவும் ஜோடிச்சி எடுக்கல, எல்லாரும் சம்மதிச்சித்தான் நடந்ததுன்னு கோஆர்டினேட்டரு உறுதி சொல்லணும். போட்டேன். எல்லாப் படத்துக்கும் போடுறதுதான்.

எட்டு மாசங்கழிச்சி படம் நெட்டுல வந்துச்சு. நானும் என் பொண்டாட்டி அழகம்மாவும் ஒக்காந்து பாத்தோம். மேடம் வேற நாட்டுல படம் எடுத்துக்கிட்டிருக்க, அவங்க ஊர்ல ஒக்காந்து வெட்டி ஒட்டுனவனுக்கு என்ன தெரியும்? மல்லிகப்பூ, மஞ்சத்தாலி, மூணு முடிச்சு, கொலவ. கல்யாணம்னு நெனைச்சிட்டான். படத்தோட ஆரம்பத்துல, அவ கழுத்துல தாலி ஏறுறதக் காட்டி, இந்த முற்றத்தில்தான் அவளுக்கு மணமானதுன்னு இங்கிலீசுல ஒருத்தன் நல்ல கொரல்ல சொல்லுதான். கட்டுற ஆளுக்குத் தல இல்ல, கை மட்டுந்தான். எனக்கு எடது கைச் சுண்டுவெரல்ல நகம் கெடயாது, கதவுல மாட்டிப் போயிருச்சு. அழகம்மா அதப் பாத்துட்டு, அது ஒங்க கைதானன்னு கேட்டா. நான் சந்தோசமா ஆமான்னேன். பன்னெண்டு நாட்டுக்குப் போற படமில்லயா? அன்னையில இருந்து அவ எங்கூடப் பேச்ச நிப்பாட்டிட்டா. தட்ட வைக்கா, சோத்தப் போடுதா, பேச மாட்டேங்கா. படம்னா என்னன்னு தெரியாத ஜென்மம்.

அவளாவது வீட்டோட. சுடலைமணி பாத்தான் பாருங்க, அவந்தான் ஆளு. வேல அவனுக்குக் கெடைக்காது, அது அவனுக்கும் தெரியும். ஆனா மதினிக்கு வேல கெடைச்சிட்டா அந்த வீட்ட விட்டு அவ நகர மாட்டா. வீடுதான் அவனுக்கு வேணும். கருணை வேலைக்கு, மறுமணம் செய்யலன்னு தாலுகா ஆபீசுல ஒரு சான்று வாங்கணும். அதுக்கு அவ எழுதிப் போட்டிருந்தா. இவன் படத்த ஒரு பென்டிரைவுல போட்டு, பதினாறு முடிஞ்ச அன்னைக்கே எங்க மதினி கழுத்துல வேற தாலி ஏறிருச்சு, சாட்சி ஒலகமே பாக்குதுன்னு மனு குடுத்துட்டான்.

சண்முகக்கனி என் வீட்டு வாசலுக்கு வந்தா. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு. உள்ள கூப்பிடல நான், அழகம்மா இருக்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்ணே, படத்துக்குக் கட்டுனதுன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்னா. பாக்கலாம்னேன். அவ அதோட விடல. பிள்ள படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சர வச்சி மேடத்துக்கு இங்கிலீசுல எழுதிப் போட்டிருக்கா. எம்புட்டு அழுத்தம் பாருங்க. மேடம் எனக்கு போன் பண்ணிப் பதறுதாங்க. அது என்ன, அந்தத் தாலியக் கல்யாணம்ங்காங்களாமே, அந்தப் பொண்ணு சம்மதிச்சாளா இல்லயா, நான் இப்பவே ஆபீசுக்கு லெட்டர் எழுதுதேன், படத்தையே எடுத்துருதேன்னு. நான் என்ன சொல்ல? உண்மையச் சொன்னா கையெழுத்துப் போட்ட பேப்பர் கழுத்தப் பிடிக்கும். அடுத்த படத்துக்கு வேற எவனையாவது பிடிச்சிருவாங்க. நான் சொன்னேன், மேடம், அது பழைய சங்கதி, எல்லாம் தீந்திருச்சு, அவளுக்கு வேல கெடைச்சிருச்சு, ஷீ இஸ் வெரி ஹேப்பின்னு. அந்தம்மா போன்ல அழுதுட்டாங்க, சந்தோசத்துல. அதக் கேட்டு எனக்கும் ஒரு திருப்தியா இருந்துச்சு.

முந்தாநாள் சுடலைமணி வந்தான். பக்குவமாத்தான் பேசுனான். அண்ணே, நீங்க கட்டுனேன்னு சொன்னீங்கன்னா ரெண்டு பொண்டாட்டி கட்டுன கேசு ஒங்க மேலயும் பாயும், என் கை இல்லன்னு சொல்லிட்டுப் போயிருங்க, எங்க வீட்டுப் பொம்பளைக ஒங்க பேர எடுக்க மாட்டாங்கன்னான். மடியில கனமிருந்தாத்தான வழியில பயம். எனக்கு என்ன பயம்? ஆனாலும் குடும்பஸ்தன். சரின்னேன்.

இன்னைக்குக் காலையிலதான் விசாரண. தாலுகா ஆபீசுல ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, ஆர்.ஐ.ம்பாங்க, நல்ல மனுசன், ஒக்காரச் சொல்லி, மேச மேல கம்ப்யூட்டர்ல படத்த ஓடவிட்டாரு. மாமியாளும் நாத்தனாளும், தாலி ஏறுனத எங்க கண்ணால பாத்தோம், யாருன்னு கூட்டத்துல தெரியலன்னாங்க. என்னையக் கூப்பிட்டாரு. நான் எடது கையப் பேண்டுப் பைக்குள்ள விட்டுக்கிட்டேன்.

"இது ஒங்க கையா?"

"இல்ல சார்."

சண்முகக்கனி எந்திரிச்சிட்டா. இந்த அண்ணந்தாங்கய்யா, படத்துக்காகக் கட்டுனாங்க, நெசத் தாலி இல்லங்கய்யான்னு சொல்லுதா. கோவமாச் சொன்னாலும் பரவாயில்ல, கெஞ்சுதா. ஆர்.ஐ.க்கும் மனசு கேக்கல. படத்த மொதல்ல இருந்து ஓட்டுனாரு. எடுத்த எடுப்புல கறுப்புத் திரையில இங்கிலீசுல ரெண்டு வரி வரும். அத நிப்பாட்டி, நீங்க இங்கிலீசு தெரிஞ்சவரு, இதுல என்ன போட்டிருக்குன்னு இந்தம்மாவுக்குத் தமிழ்ல சொல்லுங்கன்னாரு. சொன்னேன். இந்தப் படத்தில் காட்டப்படும் அனைத்தும் உண்மையில் நடந்தவை, எதுவும் நடிக்கப்பட்டதோ மீண்டும் செய்து காட்டப்பட்டதோ அல்ல. ஒரு எழுத்து விடல அண்ணாச்சி. அம்புட்டு சுத்தமா என் வாழ்க்கையில நான் மொழிபெயர்த்ததில்ல.

ஆர்.ஐ. அவளப் பாத்தாரு. தாலி கட்டுனது நெசந்தானம்மான்னாரு. அவளுக்குப் பொய் சொல்ல வரல. ஆமாங்கன்னுட்டா. ஆமான்னு ஏன் சொல்லணும்? எனக்கே பொறுக்கல. சூதுவாது தெரியாதவள என்னன்னு காப்பாத்துறது?

சான்று குடுக்க முடியாதுன்னு அவரு எழுத ஆரம்பிச்சாரு. அந்தப் பாரத்துல மறுமணம் செய்த கணவர் பெயருன்னு ஒரு எடம் இருக்கு. என்னையப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, தெரியவில்லைன்னு எழுதுனாரு. ஆபீசுத் தமிழ்ல சத்தமா வாசிச்சிக் காட்டி, கையெழுத்துப் போடும்மான்னாரு. அவ பேனாவ வாங்கி, பேர முழுசா எழுதுனா. பக்கத்துல பிள்ள எட்டி நின்னு, அம்மா எழுதுறத எழுத்துக்கூட்டிப் படிக்கி. எழுதி முடிச்சிட்டு, இனிமே வேலைக்கு எப்ப வரச் சொல்லுவாங்கய்யான்னு கேட்டா.